விலாவில் தொங்கிய சங்கிலி

பாய்மரக் காலத்துப் போர்க்கப்பலுக்கு உயிர்நிலை என்று தனியாக ஓர் இடம் இருந்ததில்லை. மரம் முறிந்தால் வேறு மரம் நட்டார்கள். பாய் கிழிந்தால் தைத்தார்கள். விலாவில் ஓட்டை விழுந்தால் தச்சர் மர ஆப்பும் சுத்தியலுமாக ஓடினார். குண்டு பட்டுப் பட்டு நைந்துபோன கப்பல்கூட மாலைவரை மிதந்து நின்று சண்டை போட்டது. நீராவி வந்ததும் அந்தக் கணக்கு மாறிப்போனது. கப்பலின் நடுவயிற்றில், கொதிக்கும் நீரை அழுத்தத்தில் அடைத்துவைத்த பெரிய இரும்புக் கலன்கள் வந்து உட்கார்ந்தன. அவற்றைச் சுற்றி இருந்ததோ அதே பழைய ஓக் மரம்.

1853 நவம்பரில் சினோப் துறைமுகத்தில் ரஷ்யரின் வெடிகுண்டுகள் துருக்கிய மரக்கப்பல்களை எரித்து முடித்தன. 1859இல் பிரான்ஸ் ‘லா குளுவார்’ என்ற இரும்புக் கவசக் கப்பலை நீரில் இறக்கியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து ‘வாரியர்’ கப்பலை இறக்கியது. 1862 மார்ச் 8 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் தெற்கு மாநிலங்களின் கவசக் கப்பலான ‘வர்ஜீனியா’ ஒரே பிற்பகலில் ‘கம்பர்லண்ட்’, ‘காங்கிரஸ்’ என்ற இரண்டு மரக்கப்பல்களை அழித்தது. மரத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது அதன்பின் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை.

தெரிந்த பிறகும் மரக்கப்பலில்தான் போக வேண்டும் என்று விதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். என் மனம் அவர்களிடமே போய் நிற்கிறது. புதிய கப்பல் வரும்வரை போர் காத்திருக்கவில்லை. கையில் என்ன இருந்ததோ அதை எடுத்து விலாவில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

*

ஹாம்ப்டன் ரோட்ஸ் நடந்து ஆறு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. 1862 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றுக்குள் வடக்கின் தளபதி டேவிட் ஃபாரகட்டின் மரக்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. ஆற்றின் மேலே நியூ ஆர்லியன்ஸ் நகரம். வழியில் ஆளுக்கொரு கரையில் ஜாக்சன், செயின்ட் ஃபிலிப் என்ற இரண்டு கோட்டைகள். இருட்டில், நீரோட்டத்தை எதிர்த்து, அந்தப் பீரங்கிகளுக்கு நடுவே நுழைந்து போயாக வேண்டும்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் கப்பல்களில் நடந்ததை ஃபாரகட் தம் அறிக்கையில் பதிந்திருக்கிறார். தம் ஆட்களின் புத்திக்கூர்மையைப் பற்றி அவ்வளவு மனம்திறந்து ஒரு கடற்படைத் தளபதி எழுதியிருப்பதே அரிது. முதல் யோசனை ‘ரிச்மண்ட்’ கப்பலின் பொறியாளர் மூரிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லிக் குறிக்கிறார். அடியில் சும்மா கிடக்கும் கனத்த நங்கூரச் சங்கிலியை எடுத்து, எந்திரங்கள் இருக்கும் இடத்துக்கு நேராக, விலாவின் வெளிப்புறத்தில் மேலும் கீழுமாகத் தொங்கவிடலாம் என்பது அவர் சொன்னது. எல்லாக் கப்பல்களும் உடனே அதை எடுத்துக்கொண்டன. பிறகு ஒவ்வொரு கப்பலும் தன் மூளைக்கு எட்டியதைச் செய்தது. முன்பக்கமும் பின்பக்கமும் இருந்து வரும் குண்டுகளுக்காக, கொதிகலனைச் சுற்றி மணல் மூட்டை, சாம்பல் மூட்டை, நிலக்கரி மூட்டை, மாலுமிகள் படுக்கும் தூளிகள், அவர்களுடைய துணிப்பைகள் எல்லாவற்றையும் அடுக்கினார்கள். சிதறும் மரச்சிம்புகளைத் தடுக்கக் கயிற்றில் வலை பின்னினார்கள். சிலர் ஆற்றுச் சேற்றை அள்ளிக் கப்பலின் மேல் பூசினார்கள், எதிரியின் கண்ணுக்கு இருளோடு இருளாகத் தெரியட்டும் என்று. சிலர் தளத்துக்கு வெள்ளையடித்தார்கள், இரவுச் சண்டையில் காலடியில் கிடக்கும் கயிறும் கப்பியும் தம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை.

துணிப்பையைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு மாலுமிக்குச் சொந்தம் என்று கப்பலில் இருந்தது அது ஒன்றுதான். மாற்றுச்சட்டை, கம்பளிக் காலுறை, வீட்டிலிருந்து வந்த கடிதம், எல்லாம் அதற்குள். அதைத்தான் கொதிகலனுக்கு முட்டுக்கொடுத்தார்கள்.

யோசனை சொன்னவர் ஒரு பொறியாளர் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேல்தளத்து அதிகாரிகள் எதிரியின் பீரங்கியைப் பார்த்தார்கள். அவர் கொதிகலனோடு குடித்தனம் நடத்தியவர். குண்டு எங்கே நுழைந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு உடம்பில் தெரியும். சுவர் எந்த இடத்தில் வேண்டும் என்று அந்த இடத்துக்குப் பின்னால் நிற்பவர் சொன்னார், தளபதி கேட்டார். ஏப்ரல் 24 அதிகாலையில் கப்பல்களில் பெரும்பாலானவை கோட்டைகளைக் கடந்து சென்றன. ‘வருணா’ என்ற ஒன்று மூழ்கியது.

*

கொதிகலன் என்றால் ஏன் அத்தனை பயம்?

1862 ஜூன் 17. ஆர்கன்சாவில் வெள்ளை ஆற்றங்கரையில், செயின்ட் சார்லஸ் என்ற இடம். வடக்கின் ‘மவுண்ட் சிட்டி’ இரும்புத் தகடு போர்த்திய ஆற்றுக் கப்பல்தான். கரையிலிருந்து வந்த ஒரு குண்டு தகட்டைத் துளைத்து நீராவிக் கலனில் பட்டது. அந்த ஒரு குண்டில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சிலர் குண்டிலேயே மடிந்தார்கள். மிகப் பலர் வெந்துபோனார்கள். வெந்த உடம்போடு ஆற்றில் குதித்தவர்களும் இருந்தார்கள்.

மிசிசிப்பிப் படகுகளில் இந்த ஆபத்து இன்னும் வெளிப்படையானது. அவை பயணிகளையும் மூட்டைகளையும் சுமக்கக் கட்டப்பட்டவை. கொதிகலன் மேல்தளத்தில் திறந்தபடி நிற்கும். 1861இல் வடக்கின் கமாண்டர் ஜான் ராட்ஜர்ஸ் சின்சினாட்டியில் அப்படிப்பட்ட மூன்று படகுகளைப் போருக்கென்று வாங்கினார்: டைலர், லெக்சிங்டன், கானெஸ்டோகா. இரும்பு கிடைக்கவில்லை. 5 அங்குலத் தடிப்புள்ள ஓக் பலகையால் சுவர் எழுப்பினார்கள். கொதிகலன்களைத் தளத்திலிருந்து இறக்கி அடிவயிற்றுக்குள் வைத்தார்கள். துப்பாக்கிக் குண்டுக்கு அந்தப் பலகை போதும். பீரங்கிக்குப் போதாது என்று அதில் ஏறியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏறினார்கள். 1862 ஏப்ரல் 6 மாலை ஷைலோ சண்டையில் வடக்கின் தளபதி கிராண்டின் படை ஆற்றங்கரைவரை தள்ளப்பட்டபோது, அந்த மூன்றில் இரண்டு, டைலரும் லெக்சிங்டனும், ஆற்றிலிருந்து சுட்டுக்கொண்டு நின்றன.

எந்திர அறையில் வேலை செய்தவர்களுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. நிலக்கரி அள்ளிப் போடுகிறவன் எதிரியின் கப்பலைப் பார்த்ததே கிடையாது. தன் கப்பல் சுடும்போது தளம் அதிரும். தன் கப்பலில் குண்டு படும்போதும் அதிரும். எது எது என்று அவன் அதிர்விலிருந்துதான் பிரித்துக்கொள்ள வேண்டும். உலைக்கதவைத் திறந்தால் வெளிச்சம், மூடினால் இருட்டு. கப்பலிலிருந்து தப்பிக்க அவனுக்கு ஓர் இரும்பு ஏணி. விலாவில் தொங்கிய சங்கிலி அவனுக்காகத் தொங்கியது.

*

நியூ ஆர்லியன்ஸில் ஃபாரகட்டின் கொடிக்கப்பலான ‘ஹார்ட்ஃபோர்ட்’டில் இருந்த ஓர் அதிகாரி ஜேம்ஸ் தார்ன்டன். பின்னால் அவர் ‘கியர்சார்ஜ்’ என்ற மரக்கப்பலுக்குத் துணைத்தலைவராகப் போனார். ஆற்றில் கற்றதைக் கடலுக்கு எடுத்துச் சென்றது அவர்தான். கியர்சார்ஜின் தலைவர் ஜான் வின்ஸ்லோ. தெற்கின் வேட்டைக்கப்பல்களைத் தேடி ஐரோப்பியக் கரையோரம் சுற்றிக்கொண்டிருந்த கப்பல் அது.

கியர்சார்ஜில் கொதிகலன்களின் இரண்டு பக்கமும் நிலக்கரி அறைகள் இருந்தன. நிரம்பியிருக்கும்போது நிலக்கரியே சுவர். குண்டு வந்து கரியில் புதைந்து வேகம் இழந்துவிடும். ஆனால் ஓடுவதற்கு எரிக்க வேண்டுமே. ஒவ்வொரு மைலுக்கும் சுவர் கொஞ்சம் குறையும். மேலிருந்து கரி இறங்க இறங்க, நீர்மட்டத்துக்கு மேலே கொதிகலனுக்கும் குண்டுக்கும் நடுவில் வெறும் மரம் மட்டும் மிஞ்சும். நெடுந்தூரம் ஓடி எதிரியைக் கண்டுபிடிக்கும் நாளில்தான் கப்பல் மிகவும் வெறுமையாக நிற்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு சற்று நின்றுபோகிறது. நகர்வதற்கும் காப்பதற்கும் ஒரே பொருள். ஒன்றைச் செலவழித்துத்தான் மற்றது.

அந்த வெறுமையை நிரப்பத்தான் சங்கிலி. 1863இல், அசோர்ஸ் தீவுகளில் ஃபயால் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வேலை நடந்தது. 120 பாகம் நீளச் சங்கிலி, அதாவது 720 அடி. கண்ணியின் இரும்பு 1.7 அங்குலத் தடிப்பு. பெரும்புயலில் மற்ற நங்கூரங்கள் கைவிட்டால் இறக்கவென்று வைத்திருக்கும் மாற்று நங்கூரத்துக்குரிய சங்கிலி அது. அதைக் கீழறையிலிருந்து இழுத்து மேலேற்றி, கப்பலின் நடுவில் 49½ அடி நீளத்துக்கு, 6 அடி 2 அங்குல உயரத்துக்கு, மேலும் கீழுமாக வரிசை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். விலாவில் வளையம் வைத்த ஆணிகளை அடித்து, தாரிட்ட மெல்லிய கயிற்றால் சங்கிலியை அவற்றோடு கட்டினார்கள். அசையாமலிருக்க இரும்புக் கவ்விகள் போட்டார்கள். மழைக்காலத்தில் திண்ணையோரம் தட்டி கட்டுகிற அதே காரியம்தான், பொருள் மட்டும் இரும்பு.

கைகளை நினைத்துப் பார்க்கிறேன். துறைமுகத்து அலையில் கப்பல் மெல்ல ஆடுகிறது. விலாவுக்கு வெளியே பலகை கட்டி இரண்டு பேர் தொங்குகிறார்கள். மேலிருந்து சங்கிலி இறங்குகிறது. கனத்தில் தானாகவே ஓடிவிடப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்தி, முன் வரிசையோடு நெருக்கி, இடைவெளி தெரியாமல் சேர்த்துக் கட்ட வேண்டும். கண்ணிக்குள் விரல் மாட்டினால் விரல் போய்விடும். ஒரு வரிசை முடிந்தால் அடுத்தது. மூன்று நாளில் முடிந்தது. பொருள் வாங்கிய செலவு 75 டாலருக்கு மேல் ஆகவில்லை. கடைசியாக ஓர் அங்குல மென்மரப் பலகையால் சங்கிலியை மூடி, கப்பலின் நிறத்திலேயே கறுப்புப் பூசினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் விலா நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும். அவ்வளவுதான் தெரியும்.

*

அவர்கள் தேடிய கப்பல்களில் ஒன்று ‘அலபாமா’. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் கட்டப்பட்டு, ராஃபேல் செம்ஸின் தலைமையில் இரண்டே ஆண்டில் வடக்கின் 60க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்த தெற்கின் கப்பல். நம் பக்கத்துக் கடலுக்கும் அது வந்திருக்கிறது. 1863 டிசம்பரில் சிங்கப்பூர். 1864 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் ‘எம்மா ஜேன்’ என்ற கப்பலை எரித்துவிட்டு, அதிலிருந்தவர்களைத் திருவிதாங்கூர்ப் பக்கம் அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. அதற்குள் கப்பல் களைத்திருந்தது. அடியில் அடித்த செப்புத்தகடு உரிந்துகொண்டிருந்தது. வெப்பக்கடல்களின் ஈரத்தில் வெடிமருந்து கெட்டுக்கொண்டிருந்தது. 1864 ஜூன் 11 அன்று பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்குள் பழுதுபார்க்க நுழைந்தது. மூன்று நாளில் கியர்சார்ஜ் வெளியே வந்து நின்றது.

செம்ஸ் சண்டைக்குப் போவதென்று முடிவு செய்தார். போகுமுன் நிலக்கரி ஏற்றிக்கொண்டார். அதை நான் மறக்க விரும்பவில்லை. பின்னால் எழுந்த பேச்சுக்கு அது தேவைப்படும்.

ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணிக்குச் சற்று முன் முதல் குண்டு. இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டமாகச் சுழன்றன. ஏழு வட்டம். ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடச் சிறியது. கியர்சார்ஜின் இரண்டு பெரிய 11 அங்குல டால்கிரென் பீரங்கிகள் அலபாமாவின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சுட்டன. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அலபாமா பின்பக்கமாக மூழ்கியது. கடைசியில் எல்லா நீராவியும் கொடுத்துக் கரைக்கு ஓடப் பார்த்தார் செம்ஸ். புகுந்த தண்ணீர் உலைகளை அணைத்துவிட்டது. காயமுற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதன் இளம் மருத்துவர் லெவலின் நீரில் மூழ்கி இறந்தார். செம்ஸையும் 40 பேரளவில் மற்றவர்களையும் ‘டியர்ஹவுண்ட்’ என்ற ஆங்கிலேய உல்லாசப் படகு தூக்கிக்கொண்டு போனது.

*

தோற்ற பிறகு செம்ஸ் சங்கிலியைப் பற்றிப் பேசினார். எதிரி மரக்கப்பல் என்று நம்பிப் போனதாகவும், பலகைக்கு அடியில் இரும்பை ஒளித்துவைத்திருந்தது தெரிந்திருந்தால் நிலைமை வேறு என்றும் எழுதினார். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு வந்தவன் சட்டைக்குள் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததற்கு அதை ஒப்பிட்டார். அவருடைய கப்பலிலேயே இருந்த ஓர் அதிகாரி, சங்கிலி இருப்பது முன்பே தெரியும் என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

எனக்கு இந்தக் குற்றச்சாட்டு ஒப்பவில்லை. சங்கிலி மாட்டி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது; அந்தக் கோலத்திலேயே கப்பல் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போய்வந்தது. பலகை மூடியதில் மறைக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்திருக்கலாம். இருந்தாலும் அது குற்றமில்லை என்றே நினைக்கிறேன். அலபாமாவின் கரி அறைகளும் அன்று நிரம்பியிருந்தன. அதுவும் மறைவான கவசம்தான்; விலாவுக்கு உள்ளே இருந்தது, அவ்வளவே வேறுபாடு. வேட்டையாடும்போது செம்ஸ் ஆங்கிலேயக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு வணிகக் கப்பல்களை நெருங்கியவர். அவருடைய வீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்திர அறையில் வேகாமல் பிழைத்துப்போன ஒரு கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் பிழைத்தது நேர்மையில்லை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

சங்கிலியால் உண்மையில் பயன் இருந்ததா என்பது வேறு கேள்வி. அலபாமா 370 குண்டுகள் அளவில் சுட்டது. பட்டவை 28 என்று கணக்கிட்டார்கள். அவற்றில் சங்கிலியில் பட்டவை இரண்டு. ஒன்று சங்கிலியை அறுத்து, அதற்குப் பின்னிருந்த மரத்தை நசுக்கியது. இன்னொன்று ஒரு கண்ணியை உடைத்து, மேல்பலகையைக் கொஞ்சம் பெயர்த்தது. கியர்சார்ஜின் மருத்துவர் ஜான் பிரவுன் பிறகு எழுதியதில், அந்த இரண்டும் நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே பட்டவை, உள்ளே நுழைந்திருந்தாலும் கொதிகலனுக்கு மேலாகவே போயிருக்கும் என்கிறார். ஆக, மூன்று நாள் உழைப்பும் 720 அடி இரும்பும் தடுத்தது, தடுக்காவிட்டாலும் கொல்லாத இரண்டு குண்டுகளை.

அந்த வாக்கியத்தில் என்னால் நிற்க முடியவில்லை. சங்கிலி தொங்கிய அந்த ஓராண்டில், கரி குறைந்த ஒவ்வொரு நாளிலும், கீழே அள்ளிப்போட்டவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் மரத்தைத் தவிர வேறொன்றும் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. குண்டு பட்ட எண்ணிக்கையில் இது வராது. தனக்காக யாரோ மூன்று நாள் விலாவில் தொங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தவன் உலையை விட்டு ஏணிப்பக்கம் பார்க்க மாட்டான் என்று நம்புகிறேன்.

*

கியர்சார்ஜை மூழ்கடித்திருக்கக்கூடிய குண்டு சங்கிலிக்கு அருகில்கூட வரவில்லை. அலபாமாவின் 100 பவுண்டு பிளேக்லி பீரங்கியிலிருந்து வந்த அது, கப்பலின் பின்கோடியில் சுக்கான் தொங்கும் தூணில் புதைந்து, வெடிக்காமல் அப்படியே நின்றுவிட்டது. வெடித்திருந்தால் பின்பகுதியே பிளந்திருக்கும். மருந்து கெட்டுப்போயிருந்தது என்று அலபாமாவின் அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். சிங்கப்பூரும் மலபாரும் சுற்றிவந்த ஈரம் அதில் இருந்திருக்கும். குண்டு புதைந்த அந்த மரத்துண்டை அறுத்தெடுத்து வைத்தார்கள். இன்றும் வாஷிங்டன் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கியர்சார்ஜில் அன்று காயமுற்றவர்கள் மூன்றே பேர். மூவரும் மேல்தளத்தில், பின்பீரங்கியில் நின்றவர்கள். சங்கிலிக்கு மேலே, விளிம்புச்சுவரைத் துளைத்து வந்த குண்டு அவர்களைத் தாக்கியது. அவர்களில் வில்லியம் கோவின் என்ற மாலுமி சில நாள் கழித்து ஷெர்பூர் மருத்துவமனையில் இறந்தார். கவசம் எந்திரத்துக்குப் போட்டது. பீரங்கிக்காரனுக்கு மேலே வானம்தான்.

இதில் ஒரு கசப்பு இருக்கிறது, அதை விழுங்கிவிட முடியாது. சங்கிலியின் நீளம் 720 அடிதான். கப்பலோ 200 அடி, அதுவும் இரண்டு பக்கம். எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது என்று யாரோ ஒருவர் தளத்தில் நின்று தீர்மானித்திருக்கிறார். எந்திரம் போனால் எல்லோரும் போவார்கள் என்ற கணக்கு சரியானது. சரியான கணக்கிலும் ஒரு கோவின் வெளியே நின்றுவிடுகிறார்.

*

பருத்தி பற்றி எழுதாமல் இந்தக் குறிப்புகளை மூட மனம் வரவில்லை.

தெற்கிடம் இரும்பு குறைவு. பருத்தி மலைபோல் குவிந்து கிடந்தது. ஏற்றுமதி செய்ய முடியாமல் வடக்கின் முற்றுகை அடைத்துவைத்த பருத்தி. அழுத்திக் கட்டிய பொதிகளை ஆற்றுப்படகுகளின் ஓரங்களில் அடுக்கிச் சுவராக்கினார்கள். துப்பாக்கிக் குண்டைப் பருத்தி பிடித்துக்கொள்ளும். பீரங்கிக் குண்டு உள்ளே போகும். தீப்பொறி விழுந்தால் புகைந்துகொண்டே இருக்கும். 1863 ஜனவரி 1 அதிகாலையில், டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில், ‘பேயூ சிட்டி’, ‘நெப்டியூன்’ என்ற இரண்டு பருத்திக் கவசப் படகுகள் வடக்கின் ‘ஹாரியட் லேன்’ கப்பல் மேல் பாய்ந்தன. நெப்டியூன் ஆழமில்லாத நீரில் மூழ்கியது. பேயூ சிட்டி மோதிக்கொண்டு ஒட்ட, பொதிகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவர்கள் தாவி ஏறிக் கப்பலைப் பிடித்தார்கள். துணிச்சலான காரியம், சந்தேகமில்லை.

அந்தப் பொதிகளை எடுத்து அடுக்கியவர்களும் சுட்டவர்களும் வீரர்கள். ஆனால் அந்தப் பருத்தியை விதைத்து, களையெடுத்து, விரல் கிழியப் பறித்தவர்கள் அடிமைகள். தங்களை அடிமைகளாகவே வைத்திருக்க நடந்த போரில், தங்கள் கையால் பறித்த பருத்தியே கவசமாக நின்றது. ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாள், 1863 ஜனவரி 1. விலாவில் கட்டியது எதுவாக இருந்தாலும், அதை யார் உழைப்பில் செய்தார்கள் என்று கேட்காமல் அதன் அழகைப் பேச என்னால் முடியவில்லை.

*

ஷெர்பூர் நடந்து ஏழு வாரத்துக்குள், 1864 ஆகஸ்ட் 5 அன்று, ஃபாரகட் மொபைல் விரிகுடாவுக்குள் நுழைந்தார். அங்கே அவர் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 14 மரக்கப்பல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினார். வலப்பக்கம் மோர்கன் கோட்டை. அந்தப் பக்கத்தில் பெரிய கப்பல், சங்கிலி போர்த்திய விலாவோடு. அதன் மறைவில், இடப்பக்கத்தில், சிறிய கப்பல். பெரியது சிறியதுக்குச் சுவர். பெரியதின் எந்திரம் அடிபட்டால் சிறியதின் எந்திரம் இரண்டையும் இழுக்கும். கடல்நீர் உள்ளே பாயும் நேரமாகப் பார்த்துப் புறப்பட்டதும் அதே எண்ணத்தில்தான்: எந்திரம் இரண்டும் நின்றாலும் ஓதம் கொண்டுபோய்க் கோட்டைக்கு அப்பால் விட்டுவிடும்.

வரிசையின் கடைசி ஜோடி ‘ஒனைடா’வும் ‘கலீனா’வும். முன்னே போன கப்பல்கள் கடந்துவிட்டதால் கோட்டையின் பீரங்கிகள் எல்லாம் அவற்றின் மேல் திரும்பின. 7 அங்குலக் குண்டு ஒன்று ஒனைடாவின் சங்கிலிக் கவசத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய், வலப்பக்கக் கொதிகலனுக்குள் வெடித்தது. காவல் முறையில் நின்ற உலைக்காரர்களில் ஓரிருவர் தவிர எல்லோரும் வெந்தார்கள். மூர் எதைத் தடுக்கச் சங்கிலியைக் கேட்டாரோ அந்த ஒன்றே, சங்கிலி இருந்தும், நடந்தது.

அப்போது ஒனைடாவோடு கட்டப்பட்டிருந்த கலீனாவின் கதை விசித்திரமானது. 1862இல் அது கடலில் இறங்கியது இரும்புக் கவசக் கப்பலாக. வடக்கு முதன்முதலில் கட்டிய சிலவற்றுள் ஒன்று. அந்த ஆண்டு மே மாதம் வர்ஜீனியாவில் டிரூரீஸ் பிளஃப் என்ற இடத்தில் அதன் மெல்லிய தகடுகளைக் குண்டுகள் துளைத்துத் தள்ளின. உள்ளே இருந்தவர்களைத் தகடு காக்கவில்லை. பின்னர் கவசத்தைக் கழற்றி, சாதாரண மரக்கப்பலாக்கி அனுப்பினார்கள். அந்தக் கப்பல்தான், நீராவி இழந்துகொண்டிருந்த ஒனைடாவைத் தன் பக்கத்தில் அணைத்தபடி, ஓதத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு மோர்கன் கோட்டையைக் கடந்து உள்ளே போனது.